பெரிய திரையா, மடக்கும் லேப்டாப்பா? ஒரு கேள்விக்குள் இருக்கும் இரண்டு கேள்விகள்

கல்லூரிச் சேர்க்கை சூடுபிடிக்கும் ஜூன் மாதம் வந்தால் வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு கட்டாயம் நடக்கும். "15.6 இன்ச் பெரிய லேப்டாப் வாங்கலாமா, இல்லை அந்த மடக்குற டச் லேப்டாப் வாங்கலாமா?" 2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் வழங்கப்படும் என்று அறிவிப்பு வந்தபோதும் இதே குழப்பம் எழுந்தது. இரண்டு வேலையையும் ஒரே கருவி செய்யும் என்றால் அதைத்தானே வாங்க வேண்டும் என்று பலருக்கும் தோன்றுகிறது.

உண்மையில் இது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. திரை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. லேப்டாப் மடங்க வேண்டுமா என்பது இன்னொன்று. கடைக்காரர் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுப்பதால்தான் முடிவெடுக்கத் திணறுகிறோம். பிரித்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு விடை இந்த இரண்டிலுமே இல்லை என்பது தெரியும்.

## முதலில் பெயர்கள்

கடையில் "டச் லேப்டாப்" என்று சொல்லி மூன்று வெவ்வேறு பொருள்களைக் காட்டுவார்கள்.

1. சாதாரண லேப்டாப், தொடுதிரையோடு. மூடியை ஓரளவுக்கு மேல் திறக்க முடியாது. சிலவற்றில் 180 டிகிரி வரை, அதாவது மேசையில் தட்டையாகப் படுக்கும் வரை திறக்கும். இதையும் "மடங்கும்" என்று சொல்லி விற்பதுண்டு. இது கன்வெர்டிபிள் அல்ல.

2. கன்வெர்டிபிள். மூடி 360 டிகிரி சுற்றி, கீழ்ப்பாகத்தின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது கீபோர்டு வெளிப்பக்கமாகக் கீழே பார்த்தபடி இருக்கும், திரை மேலே இருக்கும். லெனோவா 2012-ல் யோகா என்ற பெயரில் கொண்டுவந்த இந்த வடிவத்தைப் பிறகு எச்.பி., டெல், ஏசுஸ் எல்லோரும் தயாரித்தார்கள்.

3. கழற்றும் வகை. திரைதான் முழுக் கணினி, கீபோர்டு தனியாகக் கழன்று வரும். மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் வரிசையில் பல மாடல்கள் இப்படிப்பட்டவை. மடியில் வைத்துத் தட்டச்சு செய்தால் தள்ளாடும் என்பதால் இந்தக் கட்டுரையில் அதை விட்டுவிடுகிறேன்.

## இன்ச் கணக்கு எங்கே ஏமாற்றுகிறது

திரை அளவு என்பது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுக்கும் கோட்டின் நீளம். அகலம், உயரம் இரண்டும் அதில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள விகிதம் வேண்டும். பழைய 15.6 இன்ச் திரைகள் பெரும்பாலும் 16:9 விகிதம். இப்போது வரும் 14 இன்ச் கன்வெர்டிபிள்கள் பெரும்பாலும் 16:10.

ஸ்கேலை வைத்து அளந்தால்:

- 15.6 இன்ச், 16:9: அகலம் சுமார் 34.5 செ.மீ., உயரம் சுமார் 19.4 செ.மீ.
- 14 இன்ச், 16:10: அகலம் சுமார் 30.2 செ.மீ., உயரம் சுமார் 18.8 செ.மீ.

உயரத்தைப் பாருங்கள். வித்தியாசம் அரை சென்டிமீட்டர் சொச்சம்தான். பக்கம் பக்கமாகப் படிப்பவருக்கும், புரோகிராம் எழுதுபவருக்கும், கட்டுரை தட்டச்சு செய்பவருக்கும் திரையில் எத்தனை வரி தெரிகிறது என்பதுதான் முக்கியம். அந்த வேலையில் பெரிய திரை பெரிதாக ஒன்றும் கொடுப்பதில்லை. அது கொடுப்பது அகலம். எக்செல் தாளில் கூடுதலாக இரண்டு மூன்று பத்தி, இடப்பக்கம் வீடியோ வலப்பக்கம் நோட்ஸ், படத்தின் ஓரத்தில் கருவிப்பட்டை, இவைதான் அகலத்தால் வரும் லாபம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏ-4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். 14 இன்ச் கன்வெர்டிபிளை மடக்கி நெட்டுக்குத்தாகத் திருப்பினால் திரை 18.8-க்கு 30.2. ஏறக்குறைய ஒரு ஏ-4 தாள், அகலத்தில் இரண்டு சென்டிமீட்டர் மட்டும் குறைவு. பழைய வினாத்தாளோ, ஸ்கேன் செய்த பாடப்புத்தகமோ ஒரு முழுப்பக்கமாக, அச்சில் இருக்கும் அளவைவிடக் கொஞ்சமே சிறிதாகக் கண்ணுக்கு முன்னால் நிற்கும். 15.6 இன்ச் திரையில் அதே பக்கத்தை அச்சு அளவில் திறந்தால் மூன்றில் இரண்டு பங்குதான் தெரியும், மீதிக்கு உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எழுத்தின் அளவு தனிக் கதை. 15.6 இன்ச் திரையில் வழக்கமாக இருப்பது 1920 x 1080 புள்ளிகள். 14 இன்ச் 16:10 திரையில் 1920 x 1200. சிறிய இடத்துக்குள் கூடுதல் புள்ளிகள் அடைந்திருப்பதால் எழுத்து கூர்மையாக இருக்கும், ஆனால் பொடியாகிவிடும். அதனால் விண்டோஸ் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும். இரண்டிலும் 125 சதவீதம் என்று வைத்தால், 14 இன்ச்சில் எழுத்து சுமார் எட்டில் ஒரு பங்கு சிறிதாகத் தெரியும். 18 வயதுக் கண்ணுக்கு இது ஒன்றுமில்லை. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு, அதிலும் "ணை", "ஞூ" மாதிரி சுழிகள் நெருங்கிய தமிழ் எழுத்துகளை நாள் முழுக்கப் பார்ப்பவருக்கு, இது பெரிய விஷயம். சரி, 150 சதவீதமாக ஏற்றிக்கொள்ளலாமே என்றால், ஏற்றலாம். ஆனால் திரையில் தெரியும் வரிகள் குறைந்துவிடும். வீட்டில் அப்பாவோ அம்மாவோ இதே லேப்டாப்பில் வேலை செய்யப்போகிறார்கள் என்றால் பெரிய திரைக்கு இது நியாயமான காரணம்.

## "லேசானது" என்ற நம்பிக்கை

கன்வெர்டிபிள் என்றாலே லேசாக இருக்கும் என்று நினைக்கிறோம். எடையைப் பார்த்தால் அப்படி இல்லை. இன்றைய சாதாரண 15.6 இன்ச் லேப்டாப் சுமார் 1.6 முதல் 1.8 கிலோ. 14 இன்ச் கன்வெர்டிபிள் சுமார் 1.4 முதல் 1.6 கிலோ. தொடுதிரைக்கு மேல் ஒரு கண்ணாடி, சுற்றும் ஹிஞ்சுக்கு (மூடியைப் பிணைக்கும் கீலுக்கு) கூடுதல் உலோகம், இரண்டும் எடையை ஏற்றுகின்றன. உண்மையில் லேசானது மடங்காத சாதாரண 14 இன்ச் லேப்டாப்தான். 1.2 முதல் 1.4 கிலோவுக்குள் கிடைக்கும், விலையும் கன்வெர்டிபிளைவிடக் குறைவு. கடையில் யாரும் இதைத் தானாக எடுத்துக் காட்டமாட்டார்கள், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேமிங் லேப்டாப் தனி ஜாதி. 2.3 கிலோவுக்கு மேல், செங்கல் மாதிரி ஒரு சார்ஜர் அரைக் கிலோ. மொத்தம் மூன்று கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைவிடவும் இடம்தான் பெரிய சிக்கல். குடியாத்தத்திலிருந்து தினமும் காட்பாடிக்கு ரயிலில் வந்து போகும் மாணவியை நினைத்துக்கொள்வோம். காலையில் உட்கார இடம் கிடைப்பதே அரிது. கிடைத்தால் இரண்டு தோள்களுக்கு நடுவே மடியில் பையோடு. 36 செ.மீ. அகலமுள்ள லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு பக்கமும் முழங்கை இடிக்கும். சென்னை–மைசூரு வந்தே பாரத்தில் காட்பாடியில் ஏறினால் முன் இருக்கையின் பின்னால் சிறு பலகை உண்டு. முன்னால் இருப்பவர் சாய்ந்தார் என்றால் பெரிய லேப்டாப்பின் மூடி அங்கே மாட்டிக்கொள்ளும். வகுப்பில் எழுதுபலகை வைத்த நாற்காலியும் இதே கதைதான். ஒரு லாங் சைஸ் நோட்டுக்காகச் செய்த பலகை அது. 15.6 இன்ச் லேப்டாப் அதன் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கும், பக்கத்தில் நடப்பவரின் பை பட்டால் கீழே விழும்.

என் முடிவுக்கு அடிப்படையான காரணம் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், லேப்டாப்பின் உடம்பைப் பிறகு குறைக்க முடியாது. 14 இன்ச் லேப்டாப் வாங்கியவர் விடுதி அறையிலோ வீட்டு மேசையிலோ 24 இன்ச் மானிட்டர் ஒன்றை எச்.டி.எம்.ஐ. வயரில் மாட்டிக்கொள்ளலாம். சாதாரண மானிட்டர் பத்தாயிரம் ரூபாய் ஒட்டியே முடிந்துவிடும், எந்த 17 இன்ச் லேப்டாப்பையும்விடப் பெரிய திரை கிடைக்கும், அடுத்த லேப்டாப்புக்கும் அது உதவும். பெரிய லேப்டாப் வாங்கியவருக்கு அப்படி ஒரு வழி கிடையாது. முதல் மாதம் தூக்கிப்போவார், மூன்றாம் மாதம் அது அறையிலேயே இருக்கும்.

## மடங்குவது எதற்கு? பேனாவுக்கு

விளம்பரத்தில் கூடாரம் மாதிரி நிறுத்திப் படம் பார்ப்பார்கள். அதற்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை. டேப்லெட் மாதிரி கையில் பிடித்துப் படிக்கலாம் என்பதும் நடக்காத காரியம். சாதாரண டேப்லெட் அரைக் கிலோ. கன்வெர்டிபிள் ஒன்றரைக் கிலோ. அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் படிக்க முடியுமா? மேசையிலோ மடியிலோ வைத்துத்தான் ஆக வேண்டும்.

மடங்குவதால் வரும் உண்மையான பயன் ஒன்றே ஒன்றுதான்: திரையின் மேல் கையால் எழுதலாம். அந்த ஒன்று சிலருக்கு எல்லாமுமாக இருக்கும். கணிதம், இயற்பியல், மின்னியல் படிப்பவர் தொகையிடலையும் சர்க்யூட்டையும் தட்டச்சு செய்ய முடியாது, வரைந்துதான் ஆக வேண்டும். மருத்துவம், நர்சிங் படிப்பவர் உடற்கூறியல் படத்தின் மேலேயே நரம்புக்கு ஒரு நிறம், ரத்தக்குழாய்க்கு ஒரு நிறம் என்று கோடிழுத்துப் பெயர் எழுதலாம். ஆசிரியர் விடைத்தாளைத் திரையிலேயே திருத்தலாம். ஒரு பருவத்துக்கு ஏழெட்டு நோட்டு எழுதுபவர் நான்கு ஆண்டில் எழுதும் அத்தனையும் தேடக்கூடிய வடிவத்தில் ஒரே இடத்தில் இருக்கும்.

ஆனால் பேனா விஷயத்தில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கவனிக்க வேண்டியவை:

1. ரப்பர் முனைப் பேனா வேறு, ஆக்டிவ் பேனா வேறு. நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் முனை, விரலுக்குப் பதிலாக நிற்கும், அவ்வளவுதான். அழுத்தம் தெரியாது, உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு விழும். ஆக்டிவ் பேனாவைத் திரை தனியாக அடையாளம் காணும். உள்ளங்கையைத் திரையில் ஊன்றி நோட்டில் எழுதுவதுபோல எழுதலாம். தொடுதிரை இருந்தாலே ஆக்டிவ் பேனா வேலை செய்யும் என்றும் இல்லை.

2. எல்லாப் பேனாவும் எல்லாத் திரைக்கும் சேராது. மைக்ரோசாஃப்ட்டின் எம்.பி.பி., வாகாம் (Wacom) நிறுவனத்தின் ஏ.இ.எஸ்., யூ.எஸ்.ஐ. என்று முறைகள் பல. ஒன்றுக்கான பேனா மற்றொன்றில் எழுதாது. சில பேனாக்கள் மட்டும் இரண்டு முறைகளுக்குப் பொருந்தும். உங்கள் மாடல் எந்த முறை என்று பெட்டியிலோ நிறுவனத்தின் விவரத் தாளிலோ பார்த்துவிட்டுத்தான் பேனா வாங்க வேண்டும்.

3. பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறதா? சில மாடல்களில் வரும், பலவற்றில் தனி விலை. அதையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும்.

4. பேனாவின் பேட்டரி. சில பேனாக்களுக்கு AAAA அளவுப் பேட்டரி வேண்டும். ரிமோட்டுக்குப் போடும் AAA அளவைவிட மெலிந்தது, தெருமுனைக் கடையில் கிடைக்காது. டைப்-சி வயரில் சார்ஜ் ஆகும் பேனா என்றால் தொல்லை இல்லை.

ஆறு மாதம் கழித்தும் பேனாவைக் கையில் எடுப்பேன் என்ற உறுதி இருந்தால் கன்வெர்டிபிள் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் கூடுதல் பணத்தை ராமிலும் (வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் நினைவகம்) நல்ல திரையிலும் போடுவது மேல்.

## வேலூர் வெயிலும் மெல்லிய உடம்பும்

லேப்டாப் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ். ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். கத்திரி நாள்களில், தளம் போட்ட மாடி அறையில் ஃபேன் காற்றுகூடச் சூடாகத்தான் வரும். அந்த 35 டிகிரி வரம்பை நம் ஊர் அறைகள் சாதாரணமாகத் தொட்டுவிடும்.

பிராசஸர் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உடம்பு மெல்லியதாக இருக்க இருக்க, உள்ளே காற்றோட்டத்துக்கு இடம் குறையும், இந்த வேகக் குறைப்பு சீக்கிரம் வரும். பிராசஸர் மாடல் எண்ணின் கடைசியில் வரும் எழுத்து ஓரளவு வழிகாட்டும். "யூ" என்று முடிந்தால் 15 வாட் அளவில் ஓடும் சிக்கன வகை. "எச்" என்றால் 45 வாட் அளவில் ஓடும் வேக வகை. கன்வெர்டிபிள்களில் பெரும்பாலும் சிக்கன வகைதான் இருக்கும்.

மடக்கி எழுதும்போது இன்னொன்றும் நடக்கிறது. பல லேப்டாப்கள் குளிர்காற்றை அடிப்பக்கத் துளைகள் வழியாக இழுக்கின்றன. மூடியை முழுதும் சுற்றி மடக்கினால் மூடியின் முதுகு அந்தத் துளைகளுக்கு எதிரே வந்து நிற்கும். ரப்பர் காலின் உயரம் மட்டுமே இடைவெளி. குறிப்பு எழுத இது போதும். மடக்கி வைத்துக்கொண்டு ஒரு பக்கம் வீடியோ கால், ஒரு பக்கம் இருபது டேப் என்று ஓட்டினால் மே மாதத்தில் திணறும்.

சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ், மேட்லேப் என்று மணிக்கணக்கில் ஓடும் மென்பொருள் தேவைப்படும் மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கு இதனால்தான் கன்வெர்டிபிளைப் பரிந்துரைக்க முடியவில்லை. தனி கிராஃபிக்ஸ் சிப்பும் இரண்டு ஃபேனும் கொண்ட 15.6 அல்லது 16 இன்ச் லேப்டாப்தான் அவர்களுக்குத் தாங்கும். பாரத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

## ஹிஞ்ச், கண்ணாடி, ரிப்பேர்

லேப்டாப்பில் முதலில் உடையும் பாகங்களில் ஒன்று ஹிஞ்ச், அதாவது மூடியையும் உடம்பையும் பிணைக்கும் கீல். உலோகக் கீல், பிளாஸ்டிக் உடம்பில் பதித்த சின்னப் பித்தளை மரைகளில் திருகப்பட்டிருக்கும். நாளாக நாளாகக் கீல் இறுகினால், மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மரை பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்க்கும். ஒரு நாள் "டக்" என்று மூலை விரிந்து நிற்கும். விலை குறைந்த 15.6 இன்ச் லேப்டாப்பிலும் இது நடக்கும். ஒரு மூலையைப் பிடித்துத் திறக்காமல், மூடியின் நடுவில் பிடித்துத் திறந்தால் இரண்டு கீலும் சமமாகச் சுமக்கும். சுற்றும் ஹிஞ்சுக்கு வேலை இன்னும் அதிகம் என்பதால், கன்வெர்டிபிள் வாங்கினால் உலோக உடம்புள்ளதையே வாங்குங்கள்.

திரை உடைந்தால் செலவு வேறுபாடு பெரிது. சாதாரண 15.6 இன்ச் திரையை ஊரில் இருக்கும் சர்வீஸ் கடையிலேயே சில ஆயிரம் ரூபாயில் மாற்றிவிடலாம், அந்த அளவு பேனல் எங்கும் கிடைக்கும். கன்வெர்டிபிளில் கண்ணாடியும் பேனலும் ஒன்றாக ஒட்டியிருக்கும். கீறல் கண்ணாடியில் மட்டும் விழுந்தாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டிவரலாம், அந்த மாடலுக்கானதையே சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். கீழே விழுந்து உடைவது சாதாரண வாரண்டியில் வராது. கன்வெர்டிபிளுக்கு விபத்துப் பாதுகாப்புத் திட்டத்தைச் சேர்த்து வாங்குவது வீண் செலவல்ல.

## ராம்: பழைய அறிவுரை இப்போது செல்லாது

"8 ஜி.பி. வாங்கு, அப்புறம் ஏற்றிக்கலாம்" என்பது பல ஆண்டுகளாக அண்ணன்மார் தம்பிமாருக்குச் சொல்லிவந்த அறிவுரை. கன்வெர்டிபிள்களில் ராம் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அப்புறம் ஏற்ற வழியே இல்லை. 15.6 இன்ச் லேப்டாப்கள் பலவற்றில் கூடுதல் ராம் செருக இன்னும் ஸ்லாட் இருக்கும். ஆனால் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் ராம் விலை ஏறிவிட்டது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வியாபாரத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது. ஆகவே எந்த வகையானாலும் 16 ஜி.பி.யாகவே வாங்குவது நல்லது.

## யாருக்கு எது

1. கணக்கு வேலை. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் டேலியில் வவுச்சர் போடுபவரின் வலக்கையைக் கவனித்தால் தெரியும். கண் பில்லில் இருக்கும், விரல் கீபோர்டின் வலப்பக்க எண்பட்டையில் ஓடும், திரையைப் பார்க்கவே மாட்டார். அந்த எண்பட்டை 15.6 இன்ச் லேப்டாப்களில் பெரும்பாலும் இருக்கும், 14 இன்ச்சில் அனேகமாக இருக்காது. இவர்களுக்குப் பெரிய திரைதான். தனியாக யூ.எஸ்.பி. எண்பட்டை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஆனால் நாள் முழுக்க இதே வேலை என்றால் உள்ளேயே இருப்பது வசதி.

2. விடுதியில் தங்கி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர். மடங்காத 14 இன்ச், 16 ஜி.பி. ராம், அறையில் ஒரு மானிட்டர்.

3. தினமும் ஊரிலிருந்து வந்து போகும் கலை, அறிவியல் மாணவர். அதே 14 இன்ச். மானிட்டர் தேவைப்பட்டால் பிறகு. பேட்டரியின் கொள்ளளவு 50 வாட்-அவருக்கு (Wh) மேல் இருக்கட்டும். எட்டு வாட் செலவாகும் லேப்டாப் 41 வாட்-அவர் பேட்டரியில் ஐந்து மணி நேரம் ஓடும், 60-ல் ஏழரை மணி நேரம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் இந்த இரண்டரை மணி நேரம் பெரிய ஆறுதல்.

4. கையால் குறிப்பெடுக்கும் மருத்துவ, கணித, இயற்பியல் மாணவரும் ஆசிரியரும். கன்வெர்டிபிள், ஆக்டிவ் பேனாவோடு.

5. மெக்கானிக்கல், சிவில், அனிமேஷன். 15.6 அல்லது 16 இன்ச், தனி கிராஃபிக்ஸோடு.

## கடையில் பத்து நிமிடம்

எந்த வகை என்று முடிவான பிறகு, பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை:

1. திரையைக் கடை டியூப் லைட்டுக்கு எதிராகத் திருப்பிப் பாருங்கள். கன்வெர்டிபிள்களின் கண்ணாடி பெரும்பாலும் பளபளப்பானது, விளக்கும் சன்னலும் முகமும் அதில் தெரியும். 250 நிட்ஸ் பிரகாசமுள்ள திரை வெளிச்சமான அறையில் மங்கும். 300-க்கு மேல் கேளுங்கள், கன்வெர்டிபிளுக்கு 400 இருந்தால் நல்லது.

2. லேப்டாப் நிலையில் திறந்து வைத்துத் திரையை விரலால் தட்டுங்கள். மூடி நெடுநேரம் ஆடினால் ஹிஞ்ச் தளர்வு.

3. பேனா தரும் மாடலென்றால், உள்ளங்கையை ஊன்றி உங்கள் பெயரைத் தமிழில் வேகமாக ஒரு முறை எழுதுங்கள். கோடு பேனாவுக்குப் பின்னால் தங்கி வந்தாலோ, சுழிகள் கோணலானாலோ வேறு மாடல் பாருங்கள்.

4. சார்ஜர் டைப்-சி தானா என்று கேளுங்கள். ஆமென்றால் விடுதியில் நண்பரின் சார்ஜரும் உதவும்.

5. அன்றாடம் கொண்டுபோகும் பையையே கடைக்கு எடுத்துப் போங்கள். லேப்டாப், சார்ஜர், இரண்டு நோட்டு, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் எல்லாம் உள்ளே வைத்து, ஜிப்பை மூடி, தோளில் மாட்டிக்கொண்டு கடைப் படியை இரண்டு முறை ஏறி இறங்கிப் பாருங்கள்.